கவிதை கேட்ட கருணை நபி
(எடப்பாடியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

  

எடப்பாடி தறியினால் பெயர் பெற்ற ஊர். இங்கே வசிப்பவர், நெசவுத் தொழில் செய்யாதவராயினும், பாவு எது, ஊடை எது, தார் எது என்று அறிந்தே இருப்பார். தறியில் ஏற்றிய பாவில் எண்ணற்ற இழைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அறுந்துபோனாலும் கைதேர்ந்த நெசவாளியின் கண் அதைக் கண்டுகொள்கிறது. அவர் தறியை நிறுத்தி, அறுந்த இழையின் இரு முனைகளையும் எடுத்து முடிச்சிட்டுவிட்டே மேற்கொண்டு நெய்கிறார். அப்படியே விட்டுவிட்டால் துணியில் நீளத்திற்குக் கோடு விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தொழிலில் இத்தனை விழிப்போடு இருக்கின்ற நாம், வீட்டில் மனைவியின் முகம் வாடியிருப்பதை மூன்று நாள் கழித்துத்தான் காண்கிறோம். தாயின் குரல் தளர்ந்திருப்பதை, மருத்துவமனையில் சேர்த்த பின்னரே உணர்கிறோம். கண் இருக்கிறது, கவனம் இல்லை. அன்பு இருக்கிறது, அதை எடுத்துச் சொல்ல நாவில் மொழி இல்லை.

இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கவல்ல ஒரு பழைய மருந்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அது கவிதை.

ஜும்ஆ மேடையில் கவிதைக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் பிழையில்லை. அருள்மறை குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்திற்கே ‘கவிஞர்கள்’ என்று பொருள்படும் ‘அஷ்ஷுஅரா’ என்பதுதான் பெயர். அதன் கடைசிப் பகுதியில் அல்லாஹு தஆலா கவிஞர்களைக் கடிந்து பேசுகிறான். அவர்களைப் பின்பற்றுவோர் வழிகெட்டவர்கள் என்றும், அவர்கள் பள்ளத்தாக்குதோறும் அலைந்து திரிபவர்கள் என்றும், தாங்கள் செய்யாததைச் சொல்பவர்கள் என்றும் அவ்வசனங்கள் உரைக்கின்றன. இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வோர் பலர். ஆனால் அடுத்த வசனமாகிய 227ஆவது வசனம் ‘இல்லா’ என்னும் விதிவிலக்கோடு தொடங்குகிறது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகமாக நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தற்காத்துக்கொண்ட கவிஞர்களை அது தனியே பிரித்தெடுத்துவிடுகிறது. ஆக, கண்டனம் செய்யப்பட்டது கவிதை அன்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே விழுந்த பிளவுதான்.

ஹதீஸ்களிலும் இருவகைச் செய்திகள் உண்டு. உபை பின் கஅப் (ரலி) அவர்களின் அறிவிப்பில், கவிதையில் ஞானம் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இடம்பெறுகிறது. வேறோர் ஹதீஸில், ஒருவரது வயிறு கவிதையால் நிரம்பியிருப்பதை அண்ணலார் மிகக் கடுமையாகச் சாடியுள்ளார்கள். இவ்விரண்டையும் தம் நூலில் பதிவு செய்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள், இரண்டாவது ஹதீஸுக்கு அமைத்த தலைப்பிலேயே முடிச்சை அவிழ்த்துவிடுகிறார்கள். இறைவனின் நினைவையும் கல்வியையும் குர்ஆனையும் விட்டுத் தடுக்கும் அளவுக்குக் கவிதை ஒருவரை ஆட்கொள்வதே வெறுக்கத்தக்கது என்பது அத்தலைப்பின் கருத்து. இமாமவர்களின் நூலில் தலைப்புகளைப் படித்தாலே பாதிக் கல்வி கிடைத்துவிடும் என்று எங்கள் உஸ்தாதுமார் சொல்வதுண்டு.

இனி, அண்ணலார் கவிதையை எவ்வாறு கேட்டார்கள் என்று பாருங்கள்.

ஷரீத் பின் சுவைத் (ரலி) அவர்கள் ஒருநாள் நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் அதே வாகனத்தில் அமர்ந்து பயணம் செய்தார்கள். அப்போது அண்ணலார், உமையா பின் அபிஸ்ஸல்த் என்பாரின் கவிதை ஏதேனும் தெரியுமா என்று வினவினார்கள். தெரியும் என்றதும் சொல்லும்படி பணித்தார்கள். ஓர் அடி சொல்லப்பட்டது. இன்னும் சொல்லச் சொன்னார்கள். மற்றோர் அடி, மீண்டும் இன்னும் என்றார்கள். இவ்வாறு நூறு அடிகள் ஆயின என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்த உமையா யார்? தாயிஃபைச் சேர்ந்த ஸகீஃப் குலத்துக் கவிஞர். ஓரிறைக் கருத்துகளைப் பாடியவர்; எனினும் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்துபோனவர். தம்மை ஏற்காத ஒருவரின் கவிதையை, அதில் உண்மை இருந்த ஒரே காரணத்திற்காக, அகிலத்தின் அருட்கொடையாக வந்த நாயகம் நூறு அடிகள்வரை சலிப்பின்றிக் கேட்டார்கள். நாமோ நம் பக்கத்து வீட்டுக்காரர் நல்லதொரு செய்தி சொன்னாலும், அவர் எந்தக் கட்சி, எந்த ஜமாஅத், எந்தச் சாதி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் காதைத் திறக்கிறோம். நாயகத்தின் வாகனத்தில் நடந்தது கவிதை அரங்கம் மட்டுமன்று; கேட்பது எப்படி என்னும் பாடமும் அங்கே நடந்தது.

வீட்டில் எவ்வாறு கேட்டார்கள்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை, பதினொரு பெண்கள் கூடியமர்ந்து தத்தம் கணவர்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிய நீண்டதொரு கதையை அண்ணலாரிடம் கூறினார்கள். உம்மு ஸர்உ ஹதீஸ் என்று புகழ்பெற்ற இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒவ்வொரு பெண்ணின் பேச்சும் எதுகை இயைந்த நடையில் அமைந்திருப்பதால், உரைநடையில் வந்த கவிதை என்றே அதைச் சொல்லலாம். ஒருத்தி கணவனைப் புகழ்கிறாள். ஒருத்தி அவன் உண்பதையும் உறங்குவதையும் நகையாடுகிறாள். பதினோராமவளாகிய உம்மு ஸர்உ தன்னைச் சீராட்டிய கணவனை நினைந்து உருகுகிறாள். படைநடத்தும் பொறுப்பும், வஹ்யின் பாரமும், சமுதாயத்தின் வழக்குகளும் தோள்மீது இருந்த நிலையில், அண்ணலார் பதினோராவது பெண் வரை இடைமறிக்காமல் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், உம்மு ஸர்உக்கு அபூஸர்உ எவ்வாறோ அவ்வாறே உனக்கு நான் என்று பொருள்பட அன்பு ததும்பச் சொன்னார்கள்.

சகோதரர்களே! உங்கள் மனைவி ஒரு செய்தியைச் சொல்லத் தொடங்கினால் எத்தனையாவது வாக்கியத்தில் நீங்கள் கைப்பேசியை எடுக்கிறீர்கள் என்று இன்று மாலை எண்ணிப் பாருங்கள்.

உழைப்பிலும் கவிதைக்கு இடமிருந்தது. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) மதீனாவைக் காக்க அகழ் வெட்டப்பட்டபோது, வயிற்றின் மேனி தெரியாதபடி புழுதி படிந்த நிலையில் நபி (ஸல்) அவர்கள் மண் சுமந்ததைத் தாம் கண்டதாக பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சுமந்துகொண்டே, அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்களின் பாடலடிகளைச் சொல்லி, அடியின் இறுதியில் குரலை நீட்டினார்கள் என்பதும் அந்த அறிவிப்பில் உண்டு. பசியும் குளிரும் எதிரிப்படையின் அச்சமும் சூழ்ந்த நாட்கள் அவை. ஏற்றம் இறைத்தவனும், நாற்று நட்டவளும், சுண்ணாம்பு இடித்தவனும் ஏன் பாடினார்கள் என்பதைத் தமிழ் மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்லும் நம்மூர் அண்டை வீட்டார் ஏன் பாடிக்கொண்டே நடக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்டாலும் அதே விடைதான் கிடைக்கும்.

இன்னொரு நிகழ்ச்சி. அன்ஜஷா என்னும் பணியாளர் இனிய குரல் வளம் உடையவர். பயணத்தில் ஒட்டகங்களை ஓட்டும்போது அவர் பாடுவார். பாட்டுக்கேற்ப ஒட்டகங்கள் விரையும். ஒருமுறை அந்த ஒட்டகங்களின் மீது பெண்கள் அமர்ந்திருந்தனர். அண்ணலார் அவரை விளித்து, மெல்ல ஓட்டும்படியும் கண்ணாடிக் குடுவைகளிடம் கவனமாக இருக்கும்படியும் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இது. விரைவின் குலுக்கலில் பெண்கள் வருந்துவர் என்பதற்காகச் சொன்னார்கள் என்று விரிவுரையாளர் சிலரும், இனிய குரல் மனங்களைக் கலக்கிவிடக்கூடும் என்பதற்காகச் சொன்னார்கள் என்று வேறு சிலரும் விளக்கம் தருகின்றனர். எனக்கு முதல் விளக்கமே நெருக்கமாகத் தோன்றுகிறது. பாட்டை நிறுத்து என்று நாயகம் கட்டளையிடவில்லை. பாட்டின் வேகம் இன்னொருவருக்கு வலியாகிவிடக் கூடாது என்றே கவனித்தார்கள். அந்தக் கவனிப்பையும் கண்ணாடி என்னும் ஒற்றை உவமையில் வைத்துச் சொன்னார்கள். ‘ஏய், மெதுவாகப் போ!’ என்று அதட்டியிருந்தாலும் வேலை முடிந்திருக்கும். அன்ஜஷாவின் மனம் மட்டும் உடைந்திருக்கும்.

இந்த மரபு அரபு மண்ணோடு நின்றுவிடவில்லை. 17ஆம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலாலும் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவாலும் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட காப்பியம் அது. அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைவனத்தில் ஏதப்பா நெல்வயல் என்று நகைப்போர் உண்டு. புலவருக்குத் தெரியாதா? தம் மக்கள் எந்த நீரைக் கண்டு மகிழ்வார்களோ அந்த நீரையே அவர் நாயகத்தின் நாட்டில் ஓடவிட்டார். நேசிப்பவரின் ஊரை நம் ஊராகக் காண்பது அன்பின் இயல்பு. இங்கிருந்து சிறிது தொலைவில்தான் பூலாம்பட்டியில் காவிரி ஓடுகிறது. படகேறி அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்குக் கடக்கும் நேரத்தில் நம்மில் எத்தனை பேர் நீரைப் பார்க்கிறோம்? உமறுப் புலவர் அந்தப் படகில் இருந்திருந்தால் அக்கரை சேருமுன் பத்து விருத்தங்கள் பிறந்திருக்கும்.

சீறாவில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்று ஒரு பகுதி உண்டு. பள்ளிப் பாடநூலில் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். வேடன் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பிவர அனுமதி வேண்டுகிறது. மானுக்காக நாயகம் அவர்கள் தாமே பிணையாக நிற்கிறார்கள். மானாவது, போனபின் திரும்பி வருவதாவது என்று வேடன் ஏளனம் செய்கிறான். மானோ பாலூட்டிவிட்டுக் குட்டியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர்கள் பலவீனமானவை என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலர் கூறியுள்ளனர். எனவே மார்க்கச் சட்டத்திற்கு இதை ஆதாரமாக்க வேண்டாம். ஆனால் உமறுப் புலவர் சட்டநூல் எழுதவில்லை. இதற்கு இணையான கருணையை வலுவான அறிவிப்பிலும் காணலாம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிறுபறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வருத்தியவர் யார் என்று வினவி, திருப்பி வைக்கும்படி பணித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிப்பதை அபூதாவூதில் காணலாம். அங்கே பறவை, இங்கே மான். புலவர் செய்தது என்ன? ஓர் உயிரின் தவிப்பைக் கேட்பவரின் நெஞ்சுக்குள் குடியேற்றினார். அந்தப் படலத்தைக் கண்ணீரோடு கேட்ட ஒருவன், அன்று மாலை வண்டி மாட்டைச் சாட்டையால் அடிக்குமுன் ஒருகணம் நின்றிருப்பான். அந்த ஒருகணம்தான் நமக்கு வேண்டியது.

நெசவாளர் ஊரில் நின்றுகொண்டு நெசவாளிக் கவிஞரைச் சொல்லாமல் போகலாமா? தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முஹம்மது அப்பா அவர்கள், தறி நெய்து தம் வயிற்றைக் கழுவியவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்களின் ஞானப்புகழ்ச்சி ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் இரவு விடியும்வரை கூட்டாகப் பாடப்படுகிறது. எழுத்தறிவு குறைந்தவர்களும் மனப்பாடமாகப் பாடுவார்கள். வடக்கே காசியில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கபீரும் முஸ்லிம் நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்தவரே. அவருடைய பாடல்கள் சீக்கியர்களின் வேதநூலிலும் சேர்க்கப்பட்டுள்ளன. இவர்கள் உலகைத் துறந்து ஓடியபின் பாடியவர்கள் அல்லர். கை நாடாவை எறிய, கால் மிதியை மிதிக்க, உள்ளம் இறைவனிடத்தில் நிலைத்தது. ஸூஃபிகள் ‘முராகபா’ என்று சொல்லும் விழிப்பைத் தறிக்குழியில் அமர்ந்தே கைவரப் பெற்றார்கள். கைத்தறிக்கு ஒரு தாளம் உண்டல்லவா? அந்தத் தாளத்தில் சிந்தனையும் ஓடியிருக்கும்.

விசைத்தறியின் ஓசை அப்படிப்பட்டதன்று. அதற்குள் மணிக்கணக்காக நிற்பவர் அருகில் இருப்பவரிடமும் உரக்கக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னும் அந்தக் குரல் இறங்குவதில்லை. ‘தண்ணீர் கொடு’ என்பதுகூட அதட்டலாகவே வெளிவருகிறது. அவர் கெட்டவர் அல்லர். அவருடைய காது தறியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் குழந்தைக்கு அது தெரியுமா? அப்பா ஏசுகிறார் என்றே அது அஞ்சுகிறது. இந்த ஊரில் எத்தனை வீடுகளில் அன்பு இருந்தும் அச்சம் குடியிருக்கிறது என்பதை அந்தந்த வீட்டார் அறிவர். தறியை நாம் நிறுத்திவிட முடியாது. அது அன்னம் இடுகிறது. வீட்டு வாசலுக்கும் உள்ளறைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளியை ஏற்படுத்திக்கொள்ள முடியும். கைகால் கழுவி, ஸலாம் சொல்லி, ஐந்து நிமிடம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தெரிந்த பாடலொன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள். தாழ்ந்த குரலில் அன்றித் தாலாட்டுப் பாட இயலாது. பாட்டே குரலை இறக்கிவிடும்.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களை நம் வீடுகளில் முன்பு பாடினார்கள். தொண்டிக்கு அருகில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1838இல் மறைந்த அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் நான்மணிமாலை பாடினார் என்றால், ஒரு முஸ்லிம் ஞானியின் தமிழ் எத்தனை வாசல்களைத் திறந்திருக்க வேண்டும்! நம் காலத்தில் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் அத்தகைய வாசல்களைத் திறந்தார்கள். ‘ஆலாபனை’க்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2017 ஜூன் 2 அன்று இறைவனடி சேர்ந்தார்கள். கஸலையும் ஹைக்கூவையும் தமிழில் வேரூன்றச் செய்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஹைக்கூ என்பது மூன்றே அடி. ஒரு துளி, ஒரு இலை, ஒரு கணம். அவ்வளவுதான் அதன் பொருள். ஒரு கணத்தை முழுமையாகப் பார்த்தவனே மூன்று அடியில் அதைச் சொல்ல முடியும். தொழுகையில் ‘குஷூஉ’ வரவில்லையே என்று வருந்துவோர் பலர் என்னிடம் வருகின்றனர். தொழுகைக்கு வெளியே எந்தக் கணத்திலும் முழுதாக நில்லாத மனம், தக்பீர் கட்டியவுடன் மட்டும் எங்ஙனம் நிற்கும்? உளூச் செய்யும் நீரின் குளிர்ச்சியை உணர்வதிலிருந்து தொடங்கலாம்.

இறுதியாகச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கீழக்கரை சையிது ஆசியா உம்மாளும், இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாளும் ஞானப்பாடல்கள் இயற்றிய முஸ்லிம் பெண்மணிகள். அவர்கள் பெயராவது நமக்குக் கிடைத்தது. பெயர் தெரியாமலே பாடி மறைந்தவர்கள் எத்தனையோ பேர். ஃபாத்திமா நாயகியின் திருமணத்தையும், ஹஸன் ஹுஸைன் தொட்டிலில் கிடந்ததையும் தாலாட்டாகப் பாடும் பாட்டிமார்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அரபுத்தமிழில் எழுதிய பழைய ஏடுகளும் பரணில் கிடக்கக்கூடும். கிழிந்த முஸ்ஹஃபுப் பக்கங்களோடு சேர்த்து அவற்றையும் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்த ஆலிமிடம் முதலில் காட்டுங்கள். பாட்டியின் பாட்டைக் கைப்பேசியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். எந்த ஊரில், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். நடுவில் அடி மறந்துபோய் அவர் திகைத்தால் அவசரப்படுத்த வேண்டாம். சற்றுப் பொறுத்திருங்கள், நினைவு வந்துவிடும்.

அந்த மூதாட்டிகளின் ஆயுளிலும் குரலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.